நீலியும் டெலிபோனும்

திருவாலங்காட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய பெண் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் 'ஹெல்ப் டெஸ்க்' உத்தியோகம் பார்க்கிறாளாம். தினம் விடியற்காலையில் ரயிலேறினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடுகிறது. "பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் புதுப் பாஸ்வேர்டு கொடுக்கிற வேலை! இதற்கா படிக்க வைத்தோம்?" என்று தகப்பனார் முணுமுணுக்கிறார். பெண்ணுக்கோ தகவல் பாதுகாப்புத் துறைக்குப் போக ஆசை. வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் தங்களிடம் படித்தால் உத்தியோகம் நிச்சயம் என்கிறது ஒரு பயிற்சி நிலையம். கட்டணம் ஒன்றரை லட்சம். "என் வளையல்களை அடகு வைக்கலாமா?" என்று கேட்கிறார் தாயார்.

வைக்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையையும் விட வேண்டாம்.

திருவாலங்காட்டுக்காரருக்கு நான் நீலி கதை சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியந்தான். இருந்தாலும் மற்ற சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர். அங்கே ஒரு வணிகன் வந்தான். அவன் கையில் அவனைக் காக்கும் வாள் ஒன்று இருந்தது. அவனைப் பழிவாங்கத் துடித்த பேய், அவன் மனைவியைப் போல வேஷம் போட்டு, இடுப்பில் ஒரு குழந்தையுடன் ஊர்ச் சபைக்கு வந்து அழுதது. "இவள் என் மனைவி அல்ல" என்று அவன் கதறினான். குழந்தையோ அவனைப் பார்த்து 'அப்பா' என்றது! எழுபது வேளாளர்களும் மனம் இளகிப்போனார்கள். "வாளை எங்களிடம் கொடுத்துவிட்டு இவளோடு போ. உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு" என்றார்கள். காலையில் அவன் பிணமாகக் கிடந்தான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். 'நீலிக் கண்ணீர்' என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோமே, அது இந்தக் கண்ணீர்தான்.

எழுபது பேரும் நல்லவர்கள். வந்தவள் யார் என்று விசாரிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. வாளை வாங்கி வைத்தவர்களும் அவர்களேதான்.

இப்போது அந்தப் பெண்ணின் மேஜைக்கு வாருங்கள். டெலிபோன் மணி அடிக்கிறது. "அம்மா, நான் விமான நிலையத்தில் நிற்கிறேன். என் செல்போன் தொலைந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் முக்கியமான கூட்டம். புதுப் பாஸ்வேர்டு கொடுத்தால் பிழைத்தேன்!" என்று ஒரு குரல் கெஞ்சுகிறது. கொடுப்பதா, வேண்டாமா?

இங்கிலாந்தில் துணிமணியும் சாப்பாட்டுச் சாமான்களும் விற்கும் 'மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர்' என்ற பிரபலமான கடை, 2025 ஏப்ரலில் கம்ப்யூட்டர் கொள்ளையர்களிடம் சிக்கியது. வாரக்கணக்கில் இணையத்தில் துணி விற்க முடியவில்லை. சுமார் 30 கோடி பவுண்டு லாபம் போகுமென்று கம்பெனியே கணக்குச் சொல்லிற்று. கொள்ளையர்கள் நுழைந்தது ஆள்மாறாட்டத்தின் மூலம் என்று அதன் தலைவர் பார்லிமெண்டுக் கமிட்டியில் தெரிவித்தார்.

ஆகவே, தகப்பனார் இளப்பமாக நினைக்கும் அந்த நாற்காலி கோட்டை வாசல் நாற்காலி. 'பாதுகாப்பு' என்ற பெயர்ப் பலகை இல்லையே தவிர, வேலை அதுதான். கூப்பிட்டவரிடம், "வைத்துவிடுங்கள். கம்பெனிப் பதிவில் உள்ள உங்கள் நம்பருக்கு நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வேண்டும். அந்த நம்பரும் கிடைக்காவிட்டால் மேலதிகாரியிடம் கேட்க வேண்டும். கேட்டதையும் செய்ததையும் தேதி, நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும்.

எழுதி வைப்பது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். கிளிஃபோர்ட் ஸ்டோல் என்பவர் வான சாஸ்திரி. 1986-ல் கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு நட்சத்திர வேலை தீர்ந்துபோய், கம்ப்யூட்டர் பிரிவில் போட்டார்கள். அங்கே கணக்கில் 75 சென்ட் உதைத்தது. முக்கால் டாலர்! பால் கணக்கில் அரை லிட்டர் இடித்தால் நாம் விடுவோமா? அவரும் விடவில்லை. துருவிப் பார்த்தால், யாரோ பெயர் தெரியாத ஆசாமி உள்ளே வந்து போயிருக்கிறான். ஸ்டோல் ஒவ்வொரு வருகையையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்தார். மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார். கடைசியில் ஆள் அகப்பட்டது மேற்கு ஜெர்மனியில், ஹானோவர் நகரத்தில். அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து, கிடைத்ததை ரஷ்ய உளவாளிகளுக்கு விற்ற கூட்டம் அது.

நம் நாட்டிலும் இந்தக் கண்கொத்திக் காவலுக்கு ஆட்கள் வேண்டியிருக்கிறது. மத்திய சர்க்காரின் 'செர்ட்-இன்' 2022-ல் போட்ட உத்தரவுப்படி, கம்ப்யூட்டர் தாக்குதல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற 'லாக்' பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உட்காரும் இடத்துக்குத்தான் 'எஸ்.ஓ.சி.' என்று பெயர். ஹெல்ப் டெஸ்கிலிருந்து அடுத்த படி பெரும்பாலும் அங்கேதான். சொந்தக் கம்பெனியில் அப்படி ஒரு பிரிவு இருந்தால், மேலதிகாரியிடம் வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கேட்காத பெண்ணுக்கு யார் கொடுப்பார்கள்?

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்பதும், லினக்ஸும் அவசியம் தெரிய வேண்டும். இவற்றுக்கு ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் 'என்.பி.டெல்.' பாடங்கள் இருக்கின்றன. படிக்கக் கட்டணம் இல்லை. பரீட்சை எழுதினால் மட்டும் சிறு தொகை. வீட்டில் ஒரு பழைய லாப்டாப் இருந்தால் லினக்ஸைப் போட்டுப் பழகலாம். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் பாடம் கேட்கலாம். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டும் கேட்கலாம். 'ஸெக்யூரிட்டி பிளஸ்' போன்ற சர்டிபிகேட்டுகளை, கையில் சொந்தச் சம்பாத்தியம் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளட்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எஸ்.ஓ.சி. காவல் இருபத்துநாலு மணி நேரமும் நடக்கும். ராத்திரி முறை வரும். அப்போது திருவாலங்காட்டிலிருந்து போய் வருவது நடக்காது. சென்னையில் நல்ல ஹாஸ்டலாகப் பார்க்க வேண்டியிருக்கும். தகப்பனாரிடம் அந்தப் பேச்சை இப்போதே எடுத்துவிடுங்கள்.

அந்தப் பயிற்சி நிலையத்தாரிடம், "நிச்சயம் என்றால் வேலை கிடைத்த பிறகு பணம் வாங்கிக்கொள்வீர்களா? எழுத்தில் தருவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெண்ணிடமும் ஒன்று கேளுங்கள்: கம்பெனியை விட்டுப் போனவர்களின் கணக்குகளை அவள் ஆபீஸில் எத்தனை நாளில் மூடுகிறார்கள்? தெரியாது என்றால் திங்கட்கிழமையே விசாரிக்கச் சொல்லி, வந்த பதிலை எனக்கு எழுதுங்கள்.