இலையில் மிச்சம், கூட்டில் நஷ்டம்

ராமநகரம் பட்டுக்கூடு அங்காடிக்குப் போகிறவர்கள் அடிக்கடி காணும் காட்சி இது. ஒரே மையத்தில் முட்டை வாங்கி, ஒரே நாளில் வளர்க்கத் தொடங்கிய இரண்டு விவசாயிகள் கூடு கொண்டு வருகிறார்கள். நூற்பாளர் இருவர் கூட்டையும் விரலால் அழுத்திப் பார்க்கிறார். ஒன்று கெட்டியாக இருக்கிறது. மற்றொன்று தொட்டால் அமுங்குகிறது. முதல்வருக்கு நல்ல விலை கிடைக்கிறது. இரண்டாமவரோ முட்டை சரியில்லை, வியாபாரி ஏமாற்றுகிறார், நேரம் சரியில்லை என்று நொந்துகொண்டு ஊர் திரும்புகிறார். தோட்டத்து இலையைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

பெங்களூர்த் தமிழர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்களில் சிலருடைய குடும்பங்கள் ஊரில் மல்பெரி பயிரிடுகின்றன. இங்கே வாங்கும் போனஸும் சேமநலநிதிக் கடனும் அங்கே புழு வளர்ப்புக் கொட்டகையாக எழுகின்றன. அந்தப் பணம் வீணாகக் கூடாது.

பட்டுப்புழுவின் கணக்கு எளிமையானது. அது மல்பெரி இலையைத் தவிர வேறு எதையும் தின்று வளர்ந்து நல்ல கூடு கட்டுவதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்து கூடு கட்டும் வரை ஏறத்தாழ 25 நாட்கள். அதற்குள் அதன் எடை சுமார் 10,000 மடங்கு பெருகுகிறது. அந்துப்பூச்சியான பிறகு அது எதையும் உண்பதில்லை. பட்டு என்பது புரதம். அந்தப் புரதம் இலையிலிருந்துதான் வரவேண்டும். இலையில் இல்லாதது கூட்டில் எப்படி வரும்?

கூடு விளைச்சலுக்கு எது எவ்வளவு காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர் மியாஷிடா 1986இல் கணக்கிட்டுக் காட்டினார். இலைக்கு 38.2 சதவிகிதம், தட்பவெப்பத்துக்கு 37 சதவிகிதம், வளர்க்கும் முறைக்கு 9.3, புழுவின் இனத்துக்கு 4.2, முட்டைக்கு 3.1. நம் குடும்பங்களோ முட்டையைக் குறை சொல்கின்றன; கொட்டகைக்குக் கடன் வாங்குகின்றன; தோட்டத்துக்குத் தொழு உரம் வாங்கும்போது மட்டும் கையை இறுக்கிக்கொள்கின்றன.

தவறு நேரும் இடம் கடைசி வாரம். புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. இளம்புழுவுக்குக் கொழுந்து இலை, ஈரப்பதம் மிகுந்த இலை, சிறிதளவே போதும். ஐந்தாம் பருவத்தில்தான் அகோரப் பசி. மொத்தம் தின்னும் இலையில் 80 சதவிகிதத்துக்கு மேல் அந்த ஏழெட்டு நாட்களில் தீர்ந்துவிடும். 100 முட்டைத் தொகுதிக்கு ஏறத்தாழ 1 டன் இலை வேண்டும். விலை நன்றாக இருக்கிறதே என்று 100க்கு இலை உள்ள தோட்டத்தை நம்பி 150 வைத்தால், கடைசி நாட்களில் இலை தீர்ந்துபோகும். பக்கத்துத் தோட்டத்து முற்றிய, பழுத்த இலையைக் கேட்ட விலைக்கு வாங்க வேண்டும். அல்லது வேளைக்கு வேளை குறைத்துப் போட வேண்டும். புழு சாகாமல் பிழைத்தாலும் மெல்லிய கூட்டைத்தான் கட்டும். எடையும் குறைகிறது, கிலோவுக்குக் கிடைக்கும் விலையும் குறைகிறது. ஒரு தவறுக்கு இரண்டு அடி.

"மழை பொய்த்துக் கிணறு வற்றினால் ஏழை விவசாயி என்ன செய்வான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோடையில் இலையைக் கூட்ட அவனால் முடியாது. முட்டையைக் குறைக்க முடியும். 50 தொகுதிக்கு வயிறார இலை போட்டால் கிடைக்கும் வருமானம், 100 தொகுதியை அரைப்பட்டினி போட்டால் கிடைப்பதைவிட மேலானது. காலையிலும் மாலையிலும் இலை பறித்து, ஈரச் சாக்கால் மூடி வைப்பதற்குச் செலவு அதிகமில்லை. உச்சி வெயிலில் பறித்து வாடிப்போன இலையும், குவித்து வைத்துப் புழுங்கிப்போன இலையும் புழுவுக்கு நோயைக் கொடுக்கும்.

அரசுக்கும் இதில் பொறுப்பு உண்டு. நடவுக்கும் சொட்டுநீருக்கும் கொட்டகைக்கும் மானியம் தருவது பாராட்டத்தக்கது. ஆனால் கொடுத்த மானியத்தையும் விற்ற முட்டையையும் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. மண்ணைச் சோதித்த பிறகே உரம் பரிந்துரைக்க வேண்டும். இளம்புழு வளர்ப்பு மையங்கள், தோட்டத்தில் இலை எவ்வளவு என்று கேட்டறிந்து, அதற்கேற்பப் புழு கொடுக்கும் வழக்கம் வரவேண்டும். மத்தியப் பட்டு வாரியம் பெங்களூரிலேயே இருக்கிறது. ஆராய்ச்சி நிலையம் மைசூரில் இருக்கிறது. அங்கே உள்ள அறிவு அறுபது மைல் தாண்டிச் சின்னத் தோட்டக்காரனை எட்டாவிட்டால் பயன் என்ன?

ஊரிலிருந்து அண்ணன் பேசும்போது, "இந்தத் தடவை 200 வைக்கலாமா, பணம் அனுப்புகிறாயா?" என்று கேட்பார். பணம் அனுப்புமுன் தம்பி திருப்பிக் கேட்கவேண்டியது ஒன்றே: "தோட்டத்தில் இலை எவ்வளவு இருக்கிறது, அண்ணே?"