ஆரணித் தறியும் ஜெனீவாச் சட்டமும்

சர்வதேசப் பொருளாதாரச் சட்டம் என்றவுடன் நம்மவர் ஜெனீவாவைத்தான் நினைக்கின்றனர். சட்டக் கல்லூரிகளிலும் அவ்வாறே பயிற்றுவிக்கப்படுகிறது: வல்லரசுகளின் ஒப்பந்தங்கள், வல்லரசுகளின் வழக்குகள். அந்தச் சட்டம் ஆரணியின் தறிக்குழிக்குள் இறங்கி என்ன செய்கிறது என்று கேட்பார் அரியர். நாம் கேட்கிறோம்.

கடல் கடந்து துணி விற்ற சமூகம் நம்முடையது. நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் ஆச்சேக்கும் பினாங்குக்கும் துணி ஏற்றிச் சென்ற முன்னோர், எந்தத் துறையில் என்ன தீர்வை என்பதை அறிந்தே பாய் விரித்தனர். அவர்களுடைய பேரர்களாகிய நாமோ, நிக்காஹ் புடவைக்கு ஆரணிக் கடைவீதியில் பேரம் பேசுவதோடு நின்றுவிடுகிறோம்.

1995 ஜனவரி முதல் நாள் உலக வர்த்தக நிறுவனம் பிறந்தது. அதன் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தையொட்டி இந்தியா 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றியது. 2003 செப்டம்பர் 15இல் அது நடைமுறைக்கு வந்தது. சென்னையிலுள்ள பதிவகத்தில் ஆரணிப் பட்டும் இடம்பெற்றது. விழா எடுத்தனர், மகிழ்ந்தோம். ஆனால் மூல ஒப்பந்தத்தைப் புரட்டினால் மகிழ்ச்சி வடிந்துவிடுகிறது. அதன் 23ஆவது பிரிவு திராட்சை மதுவுக்கும் சாராய வகைகளுக்கும் தனிக் காவல் தருகிறது. ‘இன்ன ஊர்ப் பாணி’ என்று எழுதி விற்பதுகூட அங்கே குற்றம். மற்றப் பொருள்களுக்கு 22ஆவது பிரிவே கதி. வெளிநாட்டான் ஒருவன் ‘ஆரணி பாணிப் பட்டு’ என்று எழுதி, அருகில் தன் நாட்டின் பெயரையும் அச்சிட்டு விற்றால், வாங்குவோர் ஏமாறுகின்றனர் என்பதை நாம் மெய்ப்பிக்க வேண்டும். மதுவுக்கு ஒரு நீதி, பட்டுக்கு ஒரு நீதி! மதுவை விலக்கி வாழும் நமக்கு இது சற்றுக் கூடுதலாகவே உறுத்துகிறது. இக்காவலை எல்லாப் பொருள்களுக்கும் விரிக்க வேண்டுமென்ற கோரிக்கை 2001 தோஹா மாநாட்டிலேயே ஏட்டில் ஏறியது. இன்றுவரை ஏட்டிலேயே இருக்கிறது.

உள்நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என்கிறது நம் சட்டம். ஆயினும் பொருளைக் கைப்பற்றுமுன் காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளர் பதிவாளரின் கருத்தைப் பெற்றாக வேண்டும். நெய்பவர் அந்தப் பெயரை உரிமையோடு ஆள, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்துகொள்ளவும் வேண்டும். ஆயுள் முழுதும் ஆரணிப் பட்டு நெய்தவருக்கும் இதே விதிதான்.

“நெசவாளிக்கு வேண்டியது கூலி உயர்வு, சட்டப் படிப்பு எதற்கு?” என்று கேட்போர் உண்டு. கூலி எதில் தொங்குகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். கோராப் பட்டின் விலையில். அந்த விலையோ சுங்க அறிவிப்பில். சீனத்துக் கச்சாப் பட்டின் மீது 2003இல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. 2011இல் கச்சாப் பட்டின் சுங்க வரி 30 விழுக்காட்டிலிருந்து 5ஆகக் குறைந்தது. 2013இல் 15ஆக ஏறியது. வரி ஏறினால் கர்நாடகத்தின் பட்டுப்புழு விவசாயி மூச்சுவிடுகிறார், இறங்கினால் தறிக்காரர். விவசாயியை நாம் குறை கூறவில்லை. அவருக்காகப் பேசச் சங்கங்களும் வாரியமும் இருக்கின்றன. தறிக்காரரின் தரப்பைச் சொன்னவர் யார்?

வேடிக்கை என்னவெனில், சொல்வதற்கு வழி இருக்கிறது. பொருள் குவிப்புத் தடுப்பு ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு, விசாரணைக்குரிய பொருளைத் தொழிலில் பயன்படுத்துவோருக்கும் தம் நிலையை எடுத்துரைக்க வாய்ப்பளிக்கச் சொல்கிறது. நம் நாட்டு விதிகளிலும் அது உண்டு. தில்லியில் விசாரணை நடக்கும்போது, இன்ன விலைக்குக் கோரா வாங்கினோம், இத்தனை நாள் தறி நின்றது என்று கணக்கோடு எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கணக்கை எழுத ஆள் வேண்டும்.

நம் அறக்கட்டளைகள் கல்லூரி நடத்துகின்றன, உதவித்தொகை வழங்குகின்றன, பட்டமளிப்பு விழாவில் சால்வை போர்த்துகின்றன. அவ்வுதவி பெறும் சட்ட மாணவர் இருவரை இந்தக் கோடை விடுமுறையில் ஆரணிக்கு அனுப்புங்கள் என்கிறோம். கையில் ஒரு குறிப்பேடு போதும். சென்ற ஆண்டு கோரா என்ன விலை, இவ்வாண்டு என்ன விலை, தெருவில் எத்தனை தறி நின்றிருக்கிறது, பயனாளர் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வரட்டும்.