ஓட்டை வாளியும் ஒத்திகையும்

ஆலையில் தீயணைப்பு ஒத்திகை நடக்கிறது. வாளியில் ஓட்டை இருப்பது தெரிகிறது. ஓட்டையை அடைப்போமா, வாளியை ஒளித்து வைப்போமா? எந்தத் தொழிலாளியும் பதில் சொல்லிவிடுவார். பிரிட்டிஷ் சர்க்கார் என்ன செய்தது?

2016 அக்டோபரில் அங்கே மூன்று நாள் ஒத்திகை நடந்தது. அதன் பெயர் ‘சிக்னஸ்’. கொடிய விஷ ஜுரம் பரவினால் எப்படிச் சமாளிப்பது என்று 950 பேருக்கு மேல் கூடிப் பயிற்சி செய்தனர். கடும் கொள்ளை நோயைத் தாங்கும் ஏற்பாடு நாட்டில் போதாது என்று அறிக்கை சொன்னது. முதியோர் இல்லங்கள் பற்றியும் எச்சரித்தது.

சர்க்கார் அதை மக்கள் கண்ணில் காட்டவில்லை. 2020 அக்டோபரில்தான் வெளியிட்டது. அதற்குள் கொரோனா பல்லாயிரம் உயிர்களைக் குடித்துவிட்டது. 22 சிபாரிசுகளில் 2020 ஜூன் வரை நிறைவேறியவை 8 மட்டுமே! ஆஸ்பத்திரியிலிருந்த முதியவர்களைப் பரிசோதிக்காமலே இல்லங்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் கொள்கை சட்ட விரோதம் என்று 2022-ல் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மாண்டவர்கள் திரும்பி வருவார்களா?

ஒத்திகை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எல்லா நாட்டிலும் வேண்டும். நர்சும் துப்புரவுத் தொழிலாளியும் அதில் இடம்பெற வேண்டும். கண்ட குறையை மக்கள் முன் வைக்க வேண்டும். தீர்க்கப் பணம் ஒதுக்க வேண்டும். இல்லையேல் அது வெறும் கண்துடைப்பே!