கடைசியாக வருபவளுக்கும் நேரம் குறியுங்கள்!



போன மாதச் சுவர் இதழில் விளையாட்டு விழாவில் ஜெயிச்சவங்க பட்டியல் வந்திருந்தது. கலர் ஸ்கெட்ச்சில் கோப்பை எல்லாம் வரைந்து அழகா எழுதியிருந்தாங்க. நானும் நின்னு படிச்சேன், சந்தோஷப்பட்டேன். ஆனா அந்தப் பட்டியலில் இல்லாதவங்களைப் பற்றி யாராவது எழுதணும் இல்லையா? அதனால் நானே எழுதுகிறேன்.

பெண்கள் 1500 மீட்டர் ஓட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். 14 பேர் ஓடினோம். நம்ம கிரவுண்டு ஒரு சுற்று 200 மீட்டர். ஆக ஏழரைச் சுற்று. மூணாவது ஆள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினதும் மைக்கில் அறிவிப்பு வந்தது. "முதல் மூன்று இடம் முடிவாயிருச்சு. மத்தவங்க எல்லாம் டிராக்கை விட்டு வெளியே வந்துருங்க. அடுத்தது ரிலே!"

எனக்கு இன்னும் ஒண்ணேகால் சுற்று பாக்கி இருந்தது. காலில் தெம்பும் இருந்தது. ஆனாலும் நின்னுட்டேன். எனக்குப் பின்னாடி ஒன்பதாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி ஓடி வந்துக்கிட்டு இருந்தா. அவ அழுதுட்டா. "தோத்ததுக்கு ஏன்டி அழுவுற?"ன்னு கேட்டாங்க. அவ தோத்ததுக்கு அழலை. முடிக்க விடலையேன்னு அழுதா. எனக்கு அது புரிஞ்சுது, ஏன்னா எனக்கும் அதே கதைதான்.

என் கருத்து இதுதான். ஓட்டத்தில் பரிசு மூணு பேருக்குப் போதும். ஆனா நேரம் எல்லாருக்கும் வேணும். கடைசியா வர்றவளுக்கு அது இன்னும் அதிகமா வேணும்.

34 நிமிடம் 20 விநாடி

நான் ஓட்டத்தில் பெரிய ஆள் கிடையாது. 5 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் என் நேரத்தைக் குறைக்கணும்னு ஒரு வருஷமா முயற்சி பண்ணிக்கிட்டிருக்கிற சாதாரண ஆள். போன காந்தி ஜெயந்தி அன்னைக்கு நம்ம ஊரில் நடந்த ஓட்டம்தான் எனக்கு முதல் ஓட்டம். பேனரில் 'மினி மாரத்தான்'னு போட்டிருந்தாங்க. (மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 5 கிலோமீட்டர் ஓடிட்டு வந்து 'மாரத்தான் ஓடினேன்'னு சொன்னா அந்த 42 கோபிச்சுக்கும்!)

விசில் ஊதினதும் எல்லாரும் பாய்ஞ்சாங்க. நானும் பாய்ஞ்சேன். ரயில்வே கேட் வரைக்கும் நான்தான் ராணி. அதுக்கப்புறம் விலா வலிச்சுது, கால் கனத்துது, பாதி தூரம் நடந்தேன். நான் வந்து சேர்ந்தப்போ மேஜையை மடிச்சுட்டாங்க. பேனரை அவிழ்த்துக்கிட்டு இருந்தாங்க. முதல் பத்துப் பேர் பெயர் மட்டும்தான் எழுதியிருந்தாங்க. "வாம்மா, வாழைப்பழம் இருக்கு, எடுத்துக்கோ"ன்னு அன்பாத்தான் சொன்னாங்க. நேரத்தைக் கேட்டா யாருக்கும் தெரியலை.

அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தது. டி.வி.எஸ். 50-ல் பின்னாடியே வந்தவர், மளிகைக்கடை பில்லுக்குப் பின்பக்கம் எழுதி வெச்சிருந்தார். ரயில்வே கேட், அதாவது 1 கிலோமீட்டர்: 4 நிமிடம் 50 விநாடி. முடிவு: 34 நிமிடம் 20 விநாடி.

அன்னைக்கு ராத்திரி அந்த பில்லை வெச்சுக்கிட்டு கணக்குப் போட்டேன். மீதி 4 கிலோமீட்டருக்கு 29 நிமிடம் 30 விநாடி. அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 7 நிமிடம் 22 விநாடி! முதல் கிலோமீட்டர் எங்கே, மத்ததெல்லாம் எங்கே! மொத்தத்தை ஐந்தால் வகுத்தா 6 நிமிடம் 52 விநாடி வருது. அந்த வேகத்தில் ஆரம்பத்திலிருந்தே ஓடியிருந்தா, நடக்காமல், அழாமல், விலா பிடிக்காமல் அதே நேரத்தில் வந்திருப்பேன். ஒருவேளை இன்னும் சீக்கிரமாகவே.

அதுவரைக்கும் 'எனக்கு ஸ்டாமினா இல்ல, நமக்கு இதெல்லாம் ஒத்து வராது'ன்னுதான் நினைச்சிருந்தேன். அந்த பில் இல்லாட்டி இன்னைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருப்பேன். எனக்கு இல்லாதது தெம்பு இல்ல, நிதானம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ரெண்டு எண்கள். வெட்கத்தைக் கணக்காக மாற்றினது கடிகாரம்தான்.

ஆமை முயல் கதையில் முயல் தூங்கினதால தோத்துதுன்னு சொல்வாங்க. எனக்கு இப்போ வேற மாதிரி தோணுது. அது முதல் கிலோமீட்டரை 4.50-ல் ஓடியிருக்கும். அதான் மரத்தடியில் விழுந்திருக்கும்!

இதில் நான் மட்டும் இல்லை, உலக வீரர்களுக்கும் இதுதான் பாடம். 2020-ல் உகாண்டா வீரர் ஜோஷுவா செப்டகே மொனாகோவில் 5000 மீட்டரை 12 நிமிடம் 35.36 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். ஒரு கிலோமீட்டருக்குச் சராசரி 2 நிமிடம் 31 விநாடி. கிட்டத்தட்ட ஒரே சீரான வேகம். நம்ம கிரவுண்டுக் கணக்கில் சொன்னா, சுற்றுக்கு 30 விநாடி வீதம் 25 சுற்று. அவர் ஓடினதே நம்ம வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு சுற்றுக்கூட ஓட முடியாத வேகம். அவரே அதைப் பங்கு போட்டுத்தான் செலவு பண்ணினார்.

அதுக்கப்புறம் என்ன செய்தேன்?

பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லை. வாரத்தில் நாலு நாள் காலையில் ஐந்தரை மணிக்கு ஓடுகிறேன். மூணு நாள் மெதுவா, பேசிக்கிட்டே ஓடக்கூடிய வேகத்தில். பேச முடியலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். மெதுவா ஓடினா எப்படி வேகம் வரும்னு நானும் சந்தேகப்பட்டேன். மெதுவான ஓட்டத்திலும் இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளப் பழகும். நாம தேர்வுக்காக மனப்பாடம் பண்ற மைட்டோகாண்ட்ரியா நம்ம தசையிலேயே பெருகும். ஒரு நாள் மட்டும் வேகம்: ரெண்டு சுற்று வேகமா, ஒரு சுற்று நடை. இப்படி ஆறு தடவை. வெறும் கேன்வாஸ் ஷூவில் ஓடி முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வந்தது. பத்து நாள் சும்மா இருந்தேன். வலியோட ஓடுறது வீரம் இல்லைன்னு அப்போதான் புரிஞ்சுது.

டீக்கடையில் ஒரு தாத்தா தினமும் கேட்பார். "ஏம்மா, யாரு தொரத்துறா? பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த ஓட்டம்?" முதலில் கோபம் வந்தது. இப்போ நானும் சிரிச்சுட்டு, "கடிகாரம் தொரத்துது தாத்தா"ன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். போன வாரம் அவரே கேட்டார், "இன்னைக்கு எத்தனை நிமிசம்?"

பொங்கல் ஓட்டத்தில் 31 நிமிடம் 5 விநாடி. போன ஞாயிற்றுக்கிழமை 29 நிமிடம் 48 விநாடி. அதாவது நாலரை நிமிடம் குறைச்சிருக்கேன். ஒரு தடவைகூட முதல் இருபதில் வரலை. ஆனா சொல்லுங்க, நான் தோத்தவளா?

நாலாவது ஆளின் நேரம்

'மூணு பேருக்கு மேல நேரம் எழுதி என்ன பிரயோஜனம்?'னு கேட்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை சொல்றேன்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நாலாவதாக வந்தார். வெண்கலப் பதக்கம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் போச்சு. அவருடைய நேரம் 55.42 விநாடி. அன்னைக்கு 'மூணு பேர் வந்தாச்சு, போதும்'னு கடிகாரத்தை நிறுத்தியிருந்தா அந்த 55.42 யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

39 வருஷம் கழிச்சு, 2023 அக்டோபர் 2, சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. நம்ம கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் தகுதிச் சுற்றில் அதே ஓட்டத்தை ஓடினார். நேரம்: 55.42! நூறில் ஒரு பங்குகூட மாறலை. உஷாவின் தேசிய சாதனை சமன் ஆச்சு. மறுநாள் இறுதியில் வெண்கலமும் வாங்கினார். ஒரு தலைமுறைக்கே இலக்காக இருந்தது முதலாவதா வந்த ஆளோட நேரம் இல்லை, நாலாவதா வந்த ஆளோட நேரம்!

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 5000 மீட்டர் ஓட்டமே 1996-ல்தான் வந்தது. அதுக்கு முன்னாடி 1928-ல் 800 மீட்டர் வெச்சாங்க. பெண்களுக்கு ஆகாதுன்னு சொல்லி எடுத்துட்டாங்க. 1960 வரைக்கும் 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஓட்டமே கிடையாது. 'முடிக்க விடாம நிறுத்துறது' பழைய வியாதிதான். அதை நம்ம கிரவுண்டிலும் தொடரணுமா?

நடக்கிற காரியமா?

எங்க பி.டி. சாரிடம் இதைக் கேட்டேன். திட்டலை, பொறுமையா பதில் சொன்னார். "இருக்கிறது ஒரே ஒரு ஸ்டாப் வாட்ச். நானும் ஒருத்தன். அறுபது பேர் கும்பலா ஓடி வந்தா யார் நேரத்தை யாரும்மா எழுதுறது?" நியாயமான கேள்விதான்.

அதுக்குப் பதில் லண்டனில் இருக்கு. 2004 அக்டோபரில் அங்கே புஷி பார்க் என்ற பூங்காவில் 13 பேர் சேர்ந்து சனிக்கிழமை காலையில் 5 கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தார்கள். கட்டணம் கிடையாது, பரிசும் கிடையாது. வந்தவர் எல்லாருக்கும் நேரம் மட்டும் உண்டு. 'பார்க்ரன்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவிடுச்சு. அவங்க முறை ரொம்ப எளிது. முடிவுக் கோட்டில் ஒருத்தர் ஒவ்வொரு ஆள் தாண்டும்போதும் நேரத்தைக் குறிப்பார். தாண்டினவங்க வரிசையா நடந்து போனா இன்னொருத்தர் வரிசை எண் கொடுப்பார். அப்புறம் ரெண்டையும் பொருத்திப் பார்த்தால் போதும். யார் முகத்தையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு. அங்கே எப்பவும் கடைசியா வர்றதுக்குன்னே ஒரு தன்னார்வலர் உண்டு. அதனால ஓட வந்த யாருமே கடைசி ஆள் ஆக மாட்டாங்க.

இதை நாமும் செய்யலாம். எண் அட்டைக்குச் செலவே வேண்டாம். வீட்டில் கிழிச்சுப் போடுற தினசரி காலண்டர் தாள் இருக்கே! 1 முதல் 31 வரை பெரிய எழுத்தில் அச்சடிச்சு வெச்சிருக்காங்க. ரெண்டு மாசத் தாள் இருந்தா அறுபது பேருக்குப் போதும். ஒருத்தர் வாட்சைப் பார்த்துப் படிக்க, ஒருத்தர் நோட்டில் எழுத, ஒருத்தர் தாள் கொடுக்க, மூணே பேர்.

படிப்பு கெட்டுப் போகும்னு சொல்றவங்களுக்கு: மாசத்தில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழு வரை. அவ்வளவுதான். அந்த நேரத்தில் நம்மில் பாதிப் பேர் என்ன படிக்கிறோம்னு நமக்கே தெரியும்!

இன்னொரு வேண்டுகோளும் இருக்கு. லேட்டா வந்தா "கிரவுண்டை மூணு சுத்து சுத்திட்டு வா"ன்னு அனுப்புறதை ஆசிரியப் பெருமக்கள் தயவுசெய்து விட்டுடணும். வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குத் தண்டனையா பாட்டுப் பாடச் சொன்னா அவனுக்குப் பாட்டு பிடிக்குமா? ஓட்டமும் அப்படித்தான். தண்டனையாக அறிமுகமானதை யாரும் ஆசையாகச் செய்ய மாட்டாங்க.

அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி 2023-ல் மாவட்டந்தோறும் நடந்த நெடுந்தூர ஓட்டத்தில் 17 முதல் 25 வயதுப் பெண்களுக்கு 5 கிலோமீட்டர் வெச்சிருந்தாங்க. எனக்கு 17 ஆனதும் அப்படி ஒரு ஓட்டத்தில் நிற்கணும், 28 நிமிடத்துக்குள்ளே வரணும். அதுதான் என் ஆசை. 28 நிமிடம் என்றால் நம்ம கிரவுண்டில் சுற்றுக்கு 67 விநாடி. இப்போ 71-ல் இருக்கேன். இன்னும் நாலே நாலு விநாடி. அது எவ்வளவு பெரிய நாலு விநாடின்னு ஓடுறவங்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஒன்பதாம் வகுப்புத் தங்கச்சியைப் போன வாரம் பார்த்தேன். "இனிமே ஓட மாட்டேன்க்கா, நான் ஸ்லோ"ன்னா. "எவ்வளவு ஸ்லோ?"ன்னு கேட்டேன். முழிச்சா. அவளுக்குத் தெரியாது. அவளுக்கு யாரும் சொல்லலை. அதுதான் எனக்கு வருத்தம்.

தலைமையாசிரியர் ஐயா அனுமதி கொடுத்தால், முதல் சனிக்கிழமை நான் ஓடலை. கடைசியா வர்ற அந்தத் தன்னார்வலரா நான் இருக்கேன். காலண்டர் தாளும் நானே கொண்டு வர்றேன். வாட்ச் பிடிக்க யார் வர்றீங்க? இந்தத் தாளுக்குக் கீழே இடம் விட்டிருக்கேன். பெயரும் வகுப்பும் எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் தோழி,
பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு