இரண்டு ‘பொம்மை’கள்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சிறு கூடத்துக்கு நெட்வொர்க் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டேலி ஓடுவது விண்டோஸில், கேட்டலாக் தயாராவது மேக்கில், கோப்புகள் சேர்வது லினக்ஸ் சர்வரில். மூன்றையும் இணைக்க சாம்பா போதும். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிவைத்த மென்பொருள் அது. இன்று அரைநாள் வேலைகூட இல்லை.

பில் கொடுக்கும் முன், மேக் டிஸ்க்கிலிருந்து வந்த ‘பொம்மை’ கோப்பைப் பெயரைத் தட்டித் தேடிப் பாருங்கள். கண்ணெதிரே இருக்கும், தேடினால் அகப்படாது.

விண்டோஸில் தட்டும் ‘பொ’வில் ஒகரக் குறி ஒரே குறியீடு: 0பிசிஏ. மேக்கின் பழைய கோப்பமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் அதையே ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாக உடைத்து எழுதும். யூனிகோட் விதிப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் லினக்ஸ் பார்ப்பது பைட்டை மட்டுமே. நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் வழியாக வந்த உடைந்த பெயர் சர்வரில் அப்படியே தங்கும். பக்கத்திலேயே இன்னொரு ‘பொம்மை’யும் உருவாகும். எதில் புதிய விலை, எதில் பழைய விலை? ஓகார, ஔகாரப் பெயர்களுக்கும் இதே கதிதான்.

நீளத்திலும் வம்பு உண்டு. ‘விருத்தாசலம்’ கண்ணுக்கு 7 எழுத்து. யுடிஎஃப்-8இல் 36 பைட். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பமைப்பு ஒரு பெயருக்குத் தருவது 255 பைட். விண்டோஸ் தன் டிஸ்க்கில் ஏற்ற நீளமான தமிழ்ப் பெயரை சர்வர் திருப்பியனுப்புவது இதனால்தான்.

“பேரை இங்கிலீஷ்ல வைங்க சார்” என்று கைகழுவிவிடுவது நம் தொழிலில் வழக்கமாகிவிட்டது. பேக்கிங் பிரிவில் இருப்பவர் தமிழில் தேடுவதற்கு நாம் ஏன் தடை போட வேண்டும்? ஆர்சிங்க் 3.0 முதல் ‘ஐகான்வ்’ விருப்பம் இருக்கிறது. நகல் எடுக்கும்போதே உடைந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். சர்வரில் ஏற்கெனவே உடைந்து கிடக்கும் பெயர்களுக்கு கான்வ்எம்வி என்ற கருவி. அது முதலில் ஒத்திகைதான் பார்க்கும். ‘நோடெஸ்ட்’ கொடுத்தால்தான் பெயர் மாறும். அந்த ஒத்திகைப் பட்டியலை உரிமையாளரோடு உட்கார்ந்து படியுங்கள். இரட்டைகளில் எது வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று: கூடத்தில் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஏதாவது மிச்சமிருந்தால், அதற்காகப் பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி1ஐத் திறந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் வானாகிரை வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான். சாம்பாவும் 2019இல் வந்த 4.11 முதல் அதை மூடியே தருகிறது. அந்த ஒரு கணினிக்குப் பென்டிரைவ் போதும், வைரஸ் சோதனையோடு.