இல்லாத மிருகத்தின் கொம்பு

பத்திரிகைகளின் வணிகப் பக்கங்களில் ஒரு மிருகம் அடிக்கடி மேய்கிறது: யூனிகார்ன். பங்குச் சந்தைக்கு வராமலே 100 கோடி டாலர் மதிப்பைத் தொட்டுவிட்ட புதிய நிறுவனத்துக்கு அந்தப் பெயர். 2013-ல் அமெரிக்க முதலீட்டாளர் ஐலீன் லீ சூட்டியது. காண்பதற்கு அரியது என்று அர்த்தம். ஆனால் அந்த மிருகத்தின் பூர்வீகம் அமெரிக்கா அல்ல. அதை முதலில் எழுதிவைத்தவரை நம்பினால், இந்தியா.

கி.மு. 400 வாக்கில் பாரசீக மன்னரின் அரண்மனை வைத்தியராக இருந்தவர் க்டீசியஸ் என்ற கிரேக்கர். இந்தியாவில் வெள்ளை உடலும் சிவந்த தலையும் நீலக் கண்களும் கொண்ட காட்டுக் கழுதைகள் இருப்பதாகவும், அவற்றின் நெற்றியில் முழ நீளத்துக்கு ஒரே கொம்பு இருப்பதாகவும் அவர் எழுதினார். அந்தக் கொம்பில் செய்த கோப்பையில் குடித்தால் வலிப்பும் விஷமும் அண்டாதாம். க்டீசியஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. பாரசீகத்தில் கேட்ட கதைகள்தான் அவருக்கு ஆதாரம். காண்டாமிருகத்தைப் பற்றிய சேதி வாய்க்கு வாய் மாறி, வழியில் கழுதையோடு கலந்துவிட்டது என்பது அறிஞர்கள் கருத்து.

சிந்துவெளி முத்திரைகளில் அதிகம் காணப்படும் மிருகமும் ஒற்றைக் கொம்புடையதுதான். ஆனால் க்டீசியஸ் பிறப்பதற்கு 1,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்த நகரங்கள் மறைந்துவிட்டன.

பெயரில் மர்மம் இல்லை. கிரேக்கத்தில் 'மோனோகெரோஸ்': மோனோ என்றால் ஒன்று, கேரஸ் என்றால் கொம்பு. லத்தீன் அதை 'யூனிகார்னிஸ்' என்று அப்படியே பெயர்த்தது. ஹீப்ரு பைபிளை கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'ரெஏம்' என்ற காட்டு எருதுக்கும் மோனோகெரோஸ் என்றே எழுதிவிட்டார்கள். 1611-ல் வந்த ஆங்கில பைபிளிலும் யூனிகார்ன் நுழைந்தது. வேதத்திலேயே இருக்கும் மிருகத்தை யார் சந்தேகிப்பது? பழைய தமிழ் பைபிளில் மட்டும் அது காண்டாமிருகமாயிற்று. மூலத்தில் இருப்பது அதுவல்ல என்றாலும், கதை தன் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டது.

சரி, அந்த மிருகத்துக்குக் கொம்பு எதற்கு? விற்பதற்கு! விஷமுறிவு என்ற நம்பிக்கையால் ஐரோப்பிய அரண்மனைகளில் 'யூனிகார்ன் கொம்பு' தங்கத்தைவிட அதிக விலைக்குப் போனது. விருந்தில் யார் விஷம் வைப்பார்களோ என்று அஞ்சிய மன்னர்கள்தான் வாடிக்கையாளர்கள். சரக்கு வந்தது வட துருவக் கடலிலிருந்து. நார்வால் என்ற திமிங்கிலத்தின் மேல்தாடையில், இடது பக்கத்துப் பல் ஒன்று உதட்டைத் துளைத்துக்கொண்டு முறுக்கிய ஈட்டிபோல இரண்டு மீட்டருக்கு மேல் வளரும். அதைத்தான் கொம்பு என்று விற்றார்கள். 1638-ல் டேனிஷ் மருத்துவர் ஓலே வோர்ம் அது வெறும் பல் என்று விளக்கினார். அதற்குப் பிறகும் டென்மார்க் மன்னருக்கு அந்தப் பல்லைக் கொண்டே சிம்மாசனம் செய்தார்கள். கோபன்ஹேகனில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

1758-ல் ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் இந்தியக் காண்டாமிருகத்துக்கு 'ரைனோசரஸ் யூனிகார்னிஸ்' என்று பெயரிட்டார். க்டீசியஸ் கேள்விப்பட்ட மிருகத்துக்கே அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. பழைய நம்பிக்கையும் அதைவிட்டுப் போகவில்லை. காண்டாமிருகத்தின் கொம்பு நம் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின்தான். கெரட்டின் என்ற பெயரே கேரஸிலிருந்து பிறந்தது. நகத்தைக் கடிப்பவருக்குக் கிடைக்காத மருந்து கொம்பைப் பொடித்தால் மட்டும் கிடைத்துவிடாது. ஆனாலும் வியட்நாமிலும் சீனாவிலும் அதற்கு ரகசியமாக விலை இருக்கிறது. அந்த விலைக்காகத்தான் அசாம் காடுகளில் துப்பாக்கிகள் வெடித்தன.

2021 செப்டம்பர் 22 அன்று, காஜிரங்காவை அடுத்த பொகாகாட்டில் அசாம் அரசு கையிருப்பிலிருந்த 2,479 கொம்புகளைத் தீயிலிட்டது. இதில் மருந்தும் இல்லை, மதிப்பும் இல்லை என்று ஊரறியச் சொல்வதுதான் நோக்கம். மறு ஆண்டுக் கணக்கெடுப்பில் காஜிரங்காவில் இருந்த காண்டாமிருகங்கள் 2,613. யூனிகார்னைப் போல இதுவும் படத்தில் மட்டும் பார்க்கும் மிருகமாகிவிடாமல் இருக்க, அந்தத் தீயின் சேதி கொம்பை வாங்குகிறவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.