ஒரு துளி இரத்தத்தின் சாட்சி



1934ஆம் ஆண்டு நார்வே நாட்டின் ஒஸ்லோ நகரில், தாய் ஒருவர் தம் இரு குழந்தைகளுடன் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவரை நாடினார். பிறந்தபோது குறையேதுமின்றித் தோன்றிய அக்குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பின்னர் தடைப்பட்டிருந்தது. அவர்களிடம் ஒருவித வாடை வீசுவதையும் அத்தாய் கவனித்திருந்தார்.

ஃபோலிங் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தார். அது பச்சை நிறமாயிற்று. மருந்துகளின் விளைவோ என்றெண்ணி, அவற்றை நிறுத்தச் செய்து மீண்டும் சோதித்தார். மீண்டும் பச்சையே! சிறுநீரில் ஃபினைல்பைருவிக் அமிலம் என்னும் நுண்பொருள் இருப்பதை அவர் கண்டறிந்தார்.

பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றின் புரதத்தில் ஃபினைல்அலனின் என்னும் சத்து உண்டு. அதை மாற்றியமைக்கும் நொதி கல்லீரலில் செயற்படாவிடின், அது இரத்தத்தில் தேங்கி மூளையைச் சிதைக்கும். 'ஃபினைல்கீட்டோனூரியா' எனும் இந்நோயை உணவுக் கட்டுப்பாட்டால் அடக்கலாம் என்பது 1950களில் தெரிந்தது. ஆனால் பிறந்த சில வாரங்களுக்குள் அதைத் தொடங்கியாக வேண்டும். சிதைந்த மூளையை எந்த உணவும் மீட்டுத் தராது.

அறிகுறி தோன்றுமுன்னர் நோயை அறிவது எப்படி? 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் ராபர்ட் கத்ரி, பச்சிளங் குழந்தையின் குதிகாலில் எடுத்த சில துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை வகுத்தார். 1990களில் இதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி துணையாயிற்று. அதனை மூலக்கூறுகளின் தராசு எனலாம். இரத்தத்திலுள்ள நுண்பொருள்களுக்கு மின்னூட்டம் அளித்து, நிறைவாரியாகப் பிரித்து, உடைத்து, உடைந்த துண்டுகளையும் அது நிறுக்கிறது. சில நிமிடங்களில், ஒரே இரத்தப் பொட்டிலிருந்து பல பிறவி நோய்களின் தடயங்களை அது காட்டிவிடும்.

இதில் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? இத்தகைய நோய்களுள் பெரும்பாலானவை, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் மட்டுமே தோன்றுபவை. அதைச் சுமக்கும் பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். ஆயினும் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மாமன் மகள், மாமி மகன் என நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கையில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. அத்தகைய மணம் மார்க்கத்தில் ஆகுமானதே; கடமையன்று.

குழந்தைக்குக் குறை நேர்ந்தால், "மருமகள் வந்த நேரம்" என்றும், "கண்ணேறு" என்றும் பழி சுமத்தும் வீடுகள் நம்மிடையே இல்லையா? இருவரிடமிருந்தும் வந்ததற்கு ஒருத்தியை மட்டும் நோகடிப்பது எவ்வகை நீதி?

குழந்தை பிறந்ததும் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாள் அகீகா கொடுக்கிறோம். அந்த ஏழு நாள் நிறைவதற்குள் இந்தச் சோதனையும் நடைபெறட்டும். பிறந்து ஒரு நாள் கழிந்தபின், மூன்று நாட்களுக்குள் இரத்தம் எடுப்பது சிறப்பு. எல்லா மருத்துவமனைகளிலும் இது தானாகச் செய்யப்படுவதில்லை. நாம்தாம் கேட்க வேண்டும். முதற்சோதனையில் ஐயம் எழுந்தால் கலங்காதீர்கள். உறுதிசெய்யும் மறுசோதனை உண்டு.

"பச்சைப் பிள்ளையைக் குத்துவதா?" என்று பாட்டிமார் பதறக்கூடும். ஒரு நொடி வலியா, ஓர் ஆயுட்கால இருளா என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். குழந்தை இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.